மைக்ரோவேவில் அன்றாடச் சமையல்: அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த நோட்டிலிருந்து

ஈரோடு பக்கம் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தபோது, அடுப்படியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹோட்டல் சாப்பாடு அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, சமையலுக்கு ஆள் வைப்பதும் பிடிக்காது. ஆறு வருடமாகப் பால் சுடவைக்க மட்டுமே பயன்பட்டுக்கொண்டிருந்த மைக்ரோவேவை அப்போதுதான் இரண்டு பேரும் ஒழுங்காகப் படித்தோம். அம்மா அங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்து பார்ப்பார், நான் இங்கே அதே சாமானை வைத்துச் செய்து பார்ப்பேன், ராத்திரி போனில் நிமிடக் கணக்கு பேசிக்கொள்வோம். அப்படிச் சேர்ந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது 20 லிட்டர் சோலோ, அதாவது கிரில் எல்லாம் இல்லாத சாதாரண மாடல், 800 வாட். கீழே சொல்லும் நேரமெல்லாம் அதற்கானது.

"ஏங்கண்ணு, இதுல சமைச்சா உடம்புக்கு ஆகாதுங்கறாங்களே?" அம்மாவின் முதல் கேள்வி இது. பலருக்கும் இருக்கும் பயம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது மேக்னட்ரான் என்ற குழாய். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக வளர்த்தெடுத்த சாமான் அது. 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், ஓடிக்கொண்டிருந்த மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைப் பார்த்துத்தான் இதில் சமைக்கலாம் என்று யோசித்தார் என்பார்கள். அதிலிருந்து வருவது 2450 மெகாஹெர்ட்ஸ் அலை, வீட்டு வைஃபைக்குக் கிட்டத்தட்ட அதே வரிசை. சாப்பாட்டில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளை வேகமாக ஆட்டிச் சூடாக்குவதுதான் அதன் வேலை. எக்ஸ்ரே போல உடம்பின் அணுக்களைச் சிதைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. லைட்டை அணைத்தால் வெளிச்சம் போய்விடுவது மாதிரி, மெஷின் நின்றதும் அலையும் போய்விடும், சாப்பாட்டில் எதுவும் தங்காது. கதவுக் கண்ணாடியில் பொடிப்பொடி ஓட்டையோடு ஒரு உலோகத் தகடு தெரிகிறதே, அந்த ஓட்டைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர், அதனால் அதைத் தாண்டி வர முடியாது. கதவு வளைந்திருந்தாலோ கீல் ஆடினாலோ மட்டும் சரிசெய்யும் வரை பயன்படுத்தாதீர்கள்.

இந்த விளக்கத்தில் சமையலுக்கு வேண்டிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அலை சாப்பாட்டுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் போகும். அதற்கு உள்ளே இருப்பது பக்கத்துச் சூடு பரவித்தான் வேக வேண்டும். அந்தச் சூடு பரவ நேரம் கொடுக்காமல் ஹையில், அதாவது முழு பவரில், வைத்து ஐந்து நிமிடம் அழுத்திவிட்டு வெளியே எடுப்பதால்தான், ஓரம் கட்டையாகவும் நடு சில்லென்றும் இருக்கிறது, "மைக்ரோவேவ் சாப்பாடு நல்லாவே இருக்காது" என்ற பேரும் வருகிறது. பிரியாணிக்குத் தம் போடுகிறோம் இல்லையா, அதே தம்தான் இங்கேயும். மணி அடித்த பிறகு மூடியபடியே இரண்டு நிமிடம், சாதம் என்றால் ஐந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அந்த நேரமும் சமையல் நேரம்தான். அம்மா கற்றுக்கொண்டதில் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது இதுதான்.

அடுத்தது பவர் பட்டன், பலரும் தொடாமலே விட்டுவிடுவது. 50 சதவீதம் என்று வைத்தால் சாதாரண மாடல்களில் மேக்னட்ரான் மெதுவாக ஓடுவது இல்லை. சில வினாடி முழு வேகத்தில் ஓடும், சில வினாடி நிற்கும், மறுபடி ஓடும். காதைக் கொடுத்துக் கேட்டால் உறுமல் விட்டு விட்டு வருவது தெரியும், அதைப் பார்த்து மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிற்கும் அந்தச் சில வினாடிகளில்தான் சூடு உள்ளே பரவுகிறது. தண்ணீராக இருப்பதற்கும் காய்கறிக்கும் ஹை. ஏற்கெனவே வெந்த சாதம், கறி, மீன் எல்லாம் சுடவைக்க 50 முதல் 70. ஃப்ரீசரில் உறைந்ததை இளக்க 30.

உங்கள் மெஷினின் வாட் எவ்வளவு என்று பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அதில் இரண்டு எண் போட்டிருப்பார்கள், பெரியது மெஷின் இழுக்கும் மின்சாரம், சிறியதுதான் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்வது. நாம் பார்க்க வேண்டியது சிறியது. ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் ஒரு கப், அதாவது 200 மில்லி, சாதாரணத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்துக்குள் கொதி வந்தால் 800 வாட் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் நேரம் பிடித்தால் நான் சொல்லும் கணக்கோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வோல்டேஜையும் கவனிக்க வேண்டும். கோடையில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கினால் மைக்ரோவேவின் பலமும் கூடவே இறங்கும். அம்மா வீட்டில் காலையில் 4 நிமிடத்தில் வேகும் கீரை ராத்திரி 5 நிமிடம் எடுத்ததற்குக் காரணம் தேடி ரொம்ப நாள் குழம்பினோம்.

அப்புறம் அளவு. அடுப்பில் ஒரு உருளைக்கிழங்கு வேகவைத்தாலும் நாலு வேகவைத்தாலும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மைக்ரோவேவில் அப்படி இல்லை, உள்ளே வரும் சக்தியை எல்லாம் பங்குபோட்டுக்கொள்ளும். நடுத்தர அளவு கிழங்கு ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் நாலுக்கு 10 நிமிடம் ஆகும். அதனால் இது ஒன்றிரண்டு பேருக்கான சமையல் சாதனம் என்பது என் எண்ணம். ஆறு பேர் இருக்கும் வீட்டில் குக்கரோடு போட்டி போட இதால் முடியாது.

பாத்திரம்

எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, அலுமினியத் தாள் எதுவும் கூடாது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், உள்ளிருப்பது வேகாது, முனைகளில் தீப்பொறி பறக்கும். தங்க வரி போட்ட பீங்கான் தட்டிலும் அந்த வரி உலோகம்தான். மெலமைன் தட்டு பார்க்கப் பீங்கான் மாதிரி இருக்கும், அதுவும் வேண்டாம். சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணம் இரண்டு, மூடியோடு, ஒன்று 1 லிட்டர் இன்னொன்று 2 லிட்டர் வாங்கிவிட்டால் வாழ்நாளுக்கும் போதும். ஒரு பாத்திரம் ஆகுமா ஆகாதா என்று சந்தேகம் வந்தால் அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி, பாத்திரம் சாதாரணமாக இருந்தால் ஆகும். பாத்திரமே சுட்டால் ஆகாது. தண்ணீர் டம்ளர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இழுத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் வெறுமனே ஓட்டினால் அலை திரும்பி மேக்னட்ரானைப் பதம் பார்க்கும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஹோட்டல் பார்சல் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பா இவற்றில் எதையும் சுடவைக்காதீர்கள், குறிப்பாக எண்ணெய் மிதக்கும் குழம்பை. மைக்ரோவேவுக்கு ஆகும் என்று அடையாளம் போட்ட டப்பாவாக இருந்தாலும், அது உருகாது, வளையாது என்பதற்கான அடையாளம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடி இருக்கும்போது எதற்கு? மூடுவதற்கு ஒரு பீங்கான் தட்டு போதும், முழுக்க இறுக்கி மூடாமல் ஆவி போக ஓரமாக இடம் விட வேண்டும். இடியாப்பம், கொழுக்கட்டைக்கு வாழை இலைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து மேலே போட்டு மூடிப் பாருங்கள், வாசனையே வேறு.

முதலில் பழக வேண்டியது காய்கறி

கீரையில் ஆரம்பிக்கலாம். ஒரு கட்டு அரைக்கீரை அல்லது சிறுகீரையை ஆய்ந்து அலசி, தண்ணீரை உதறாமல் அப்படியே பெரிய கிண்ணத்தில் போடுங்கள், தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இலையில் ஒட்டியிருப்பதே போதும். இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் கீறிப் போட்டு, மூடி, ஹையில் 4 நிமிடம். ஒரு கிளறு கிளறி இன்னும் 2 நிமிடம். தம் 2 நிமிடம். உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். நிறம் பச்சை மாறாமல் இருக்கும். வேகவைத்த தண்ணீர் என்று எதையும் கொட்டாததால் சத்தும் வெளியே போகாது. அம்மாவுக்கு இதில்தான் முதல் நம்பிக்கை வந்தது.

பொரியலுக்கு பீன்ஸ் கால் கிலோ பொடியாக நறுக்கி, மூன்று ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி ஹையில் 4 நிமிடம், கிளறி 3 நிமிடம், தம் 2. உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே மேலாகத் தூவினால் உப்புப் பட்ட இடம் காய்ந்து சுருங்கிவிடுகிறது. கேரட்டும் இதே கணக்குதான். கோஸுக்குத் தண்ணீரே வேண்டாம், 5 நிமிடம். பீட்ரூட் 8 முதல் 10. வெண்டைக்காய்க்கு மட்டும் முறை தலைகீழ்: மூடக் கூடாது. நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி, தட்டில் பரப்பி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கிளறி 6 நிமிடம் வைத்தால் வழவழப்பு போய்விடும். கொத்தவரங்காய் பலமுறை செய்து பார்த்தும் நார்நாராகத்தான் வந்தது, அதை அடுப்புக்கே விட்டுவிட்டோம்.

தாளிப்பை மைக்ரோவேவிலேயே செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். செய்யலாம், எண்ணெயில் கடுகைப் போட்டு மூடி இரண்டரை மூன்று நிமிடம் வைத்தால் வெடிக்கவும் செய்யும். ஆனால் கடுகு வெடிக்கும் முன் உளுத்தம்பருப்பு கருகிவிடும், இல்லையென்றால் பருப்பு சிவக்கும்போது கடுகு கசக்கும். ஒரு தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைத்தால் ஒரு நிமிட வேலை. அதற்கு அம்மாவால் நிற்க முடியும். வேகவைப்பது மைக்ரோவேவ், தாளிப்பது அடுப்பு என்று பிரித்துக்கொண்டதும் பொரியல் பழைய ருசிக்கு வந்துவிட்டது.

சாதம், உப்புமா

சாதம் ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர். அரிசியை 20 நிமிடம் ஊறவைத்துவிடுங்கள். கிண்ணம் பெரிதாக இருக்க வேண்டும், அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் பொங்கித் தட்டு முழுக்க கஞ்சியாகிவிடும். மூடாமல் ஹையில் 10 நிமிடம், மேலே சின்னச் சின்னக் குழி தெரியும் வரை. பிறகு முக்கால்வாசி மூடி 50 சதவீதத்தில் 5 நிமிடம். தம் 5 நிமிடம், அதற்கு முன் கரண்டியே போடாதீர்கள். பாஸ்மதி இதில் அருமையாக வரும், ஒவ்வொரு பருக்கையும் தனியாக நிற்கும். புழுங்கலரிசிக்கு இதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, அதற்குக் குக்கரே நல்லது. எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சாதத்தை மூன்று தரம் முயன்றோம். அரிசி குழைந்த பிறகும் துவரம்பருப்பு கடிபட்டது. பருப்பை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் குக்கர் சமாச்சாரம், அதில் வீம்பு வேண்டாம். பாசிப்பருப்பு மட்டும் ஊறவைத்துப் போட்டால் 12 நிமிடத்தில் மலரும்.

உப்புமா நான் எதிர்பார்க்காத அளவு நன்றாக வந்தது. ஒரு டம்ளர் ரவையைப் பரப்பி, நிமிடத்துக்கு ஒரு தரம் கிளறி 3 நிமிடம் வறுங்கள். இன்னொரு கிண்ணத்தில் வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலையை ஒரு ஸ்பூன் எண்ணெயோடு 3 நிமிடம் வதக்கி, அதில் வறுத்த ரவை, இரண்டு டம்ளர் கொதிக்கும் தண்ணீர், உப்பு சேர்த்துக் கலக்கி ஹையில் 2 நிமிடம், கட்டி உடைத்துக் கிளறி இன்னும் 2 நிமிடம், மூடித் தம் 3 நிமிடம். அடிப்பிடிக்கும் என்ற கவலையே கிடையாது. கடைசியில் கடுகு, கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டுங்கள். சேமியாவுக்கும் இதே வழி, தண்ணீர் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வேலைகள் சில, இவற்றுக்காகவே வாங்கலாம் என்பேன். அப்பளம் ஒன்றுக்கு 40 வினாடி முதல் ஒரு நிமிடம், பாதியில் திருப்பிப் போட வேண்டும், எண்ணெய் வேண்டாம், வேண்டுமென்றால் விரலால் லேசாகத் தடவலாம். முழுக் கிழங்கு, கத்தரிக்காய் வைக்கும்போது முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஆவி அடைத்து வெடிக்கும். தோலோடு மக்காச்சோளம் ஒன்றுக்கு 4 நிமிடம், அதன் தோலே மூடி. பூண்டுப் பல்லை 15 வினாடி வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். உடைத்த தேங்காய் மூடியை ஒன்றரை நிமிடம் வைத்து ஆறவிட்டால் கத்தியால் நெம்பச் சிரட்டையிலிருந்து விட்டு வரும். நிலக்கடலை ஒரு டம்ளர், 2 நிமிடம் வறுத்துக் கிளறி, பிறகு ஒரு நிமிடம், அப்புறம் அரை அரை நிமிடமாக. வாசனை வந்ததும் நிறுத்திவிடுங்கள், வெளியே எடுத்த பிறகும் அது உள்சூட்டில் சிவந்துகொண்டே இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். காய்ந்த மிளகாயை மட்டும் இதில் வறுக்காதீர்கள், கதவைத் திறந்ததும் வரும் நெடி வயதானவர்களுக்கு ஆபத்து.

சுடவைப்பது

தட்டின் நடுவில் குவிக்காமல் வளையம் மாதிரி ஓரமாகப் பரப்பி, நடுவைக் காலியாக விடுங்கள். சாதத்துக்கும் பிரியாணிக்கும் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி 70 சதவீதம். இட்லியைத் தண்ணீரில் தொட்ட கையால் தடவி, ஈரத்துணி போட்டு மூன்று இட்லிக்கு 45 வினாடி. சப்பாத்தி ஒன்றுக்கு 15 வினாடி, அதற்கு மேல் போனால் ரப்பர். குழம்பும் சாம்பாரும் பாதியில் ஒரு தரம் கலக்க வேண்டும், மேலாக ஆவி வந்துவிட்டது என்று எடுத்தால் அடியில் ஆறித்தான் இருக்கும். மீன் குழம்பு 50 சதவீதத்தில், இல்லையென்றால் துண்டு பட்டென்று வெடித்துச் சிதறும். வடை, பஜ்ஜி, தோசை வைக்கவே வேண்டாம், ஆவியில் நமுத்துப்போகும், தோசைக்கல்தான் சரி. சமைத்த சாதத்தை நாள் முழுக்க வெளியே வைத்துவிட்டு ராத்திரி சுடவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. அதில் கிருமி விட்டிருக்கும் நஞ்சு சூட்டில் போகாது. மிஞ்சிய சாதம் உடனே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும்.

மூன்று விஷயத்தில் உண்மையாகவே காயம் பட்டவர்கள் இருக்கிறார்கள். அவித்த முட்டையை முழுசாகச் சுடவைக்காதீர்கள், உள்ளே வெடிக்காமல் வாயில் கடிக்கும்போது வெடிக்கலாம். வெறும் தண்ணீரை வழுவழுப்பான கண்ணாடி டம்ளரில் ரொம்ப நேரம் வைத்தால் கொப்புளமே வராமல் கொதிநிலையைத் தாண்டிவிடும், காப்பித் தூளைப் போட்ட கணத்தில் முகத்தில் பொங்கி அடிக்கும். உள்ளே ஒரு மரக்கரண்டி போட்டு வையுங்கள், எடுக்கும் முன் அரை நிமிடம் விடுங்கள். குழந்தைக்குப் பால் பாட்டிலை இதில் சுடவைக்கவே கூடாது, பாட்டில் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும், நடுவில் பால் வாயைச் சுடும் அளவு இருக்கும்.

துடைப்பது சுலபம்தான். ஒரு கிண்ணத் தண்ணீரில் எலுமிச்சை மூடி இரண்டு போட்டு 3 நிமிடம் ஓட்டி, கதவைத் திறக்காமல் 5 நிமிடம் விட்டுவிட்டுத் துணியால் துடைத்தால் ஒட்டியதெல்லாம் வந்துவிடும். உள்ளே வலது சுவரில் அட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருக்கும், அது மைக்கா தகடு, அலை வரும் வாசலுக்கான மூடி. அதை அட்டை என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். அதில் எண்ணெய் தெறித்து ஊறினால் கருகி, சாப்பாடு வைத்ததும் பளிச் பளிச்சென்று பொறி வரும். அம்மா வீட்டில் அப்படி வந்தபோது பார்க்க வந்த மெக்கானிக் மேக்னட்ரான் போய்விட்டது, புதுசு வாங்கிவிடலாம் என்றார். நான் ஊருக்குப் போயிருந்தபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு மைக்கா தகடு வாங்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையதை அளவு வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டி மாட்டினேன், இன்றுவரை ஓடுகிறது. நாமே செய்யக்கூடிய ரிப்பேர் இது ஒன்றுதான். வெளிப்பெட்டியின் ஸ்குருவை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் பிளக்கை எடுத்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் நின்றிருக்கும்.